வண்டியில் விட்ட சாவி

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் சொன்னால் இது சாட்சி ஆகாது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

எண்பத்தொன்பதாம் வருடம் நான் ஆவடி ரயில் நிலையத்துக்கு வெளியே டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டி எங்கள் சபையைச் சேர்ந்த கிரேஸ் டீச்சருடையது. கணவர் இறந்த பிறகு வீட்டு வாசலில் சும்மா நின்ற அம்பாசிடரை, "நீ ஓட்டு சாமுவேல், உனக்கும் ஆகும், எனக்கும் ஆகும்" என்று என்னை நம்பிக் கொடுத்தார். என் வீட்டிலும் அவர் வீட்டிலும் அடுப்பு எரிந்தது அந்த ஒரு வண்டியால்தான். தினமும் காலையில் சாவியைக் கையில் கொடுக்கும்போது, "இறங்கினா சாவி உன் ஜேபில இருக்கணும்" என்பார். நானும் பள்ளிக்கூடத்துப் பையன் போலத் தலையாட்டிவிட்டுக் கிளம்புவேன்.

ஆனால் எங்கள் ஸ்டாண்டில் சட்டம் வேறு. வரிசையில் முதல் வண்டி சவாரி போனால், பின்னால் நிற்பவை எல்லாம் ஓர் இடம் முன்னால் நகர வேண்டும். டிரைவர் சாப்பிடப் போயிருப்பான், முகம் கழுவப் போயிருப்பான். அதற்காக எல்லோரும் சாவியை வண்டியிலேயே விட்டுவிடுவோம். பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் நகர்த்திவிடுவார்கள். யாராவது சாவியை எடுத்துக்கொண்டு போனால், "இவரு வண்டிய மட்டும் தூக்கிகினு ஓடிடப் போறாங்களாம்" என்று கேலி செய்வோம். அந்தக் கேலியில் என் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும்.

ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். வண்டி மூன்றாவதாக நின்றது. நான் மெஸ்ஸுக்குப் போய் மோர் சோறு வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டேன். திரும்பி வந்தால் என் இடத்தில் வேறு வண்டி நிற்கிறது. முன்னால் நகர்த்தியிருப்பார்கள் என்று முதல் வண்டி வரை போய்ப் பார்த்தேன். பிறகு கடைசி வண்டி வரை வந்து பார்த்தேன். எங்கள் வண்டி இல்லை. ஸ்டாண்டில் யாரும் அதை எடுக்கவும் இல்லை.

நேராக டீச்சர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நான் முதலில் என் வீட்டுக்குப் போனேன். அவசரத்துக்கென்று அலமாரியில் வைத்திருந்த மாற்றுச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் டீச்சரிடம் போனேன். இருவரும் போலீஸ் ஸ்டேஷன் போனோம். "சாவி எங்கய்யா இருந்துச்சு?" என்று எஸ்.ஐ. கேட்டார். டீச்சர் என் பக்கத்தில் நின்றார். "ஜேபில சார்" என்று எடுத்துக் காட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அது மறைந்துவிட்டது போலத்தான் தெரிந்தது.

"அப்போ திருடன்கிட்ட இன்னொரு சாவி இருந்திருக்கணும். டூப்ளிகேட் யாருகிட்ட போட்டீங்க? அவன்தான் கூட ஒண்ணு போட்டு வச்சிருப்பான்" என்றார் எஸ்.ஐ.

காதர் பாயிடம்தான் போட்டிருந்தோம். பூந்தமல்லிக்காரர். தினமும் ஸ்டாண்டுக்கு எதிரே குடை விரித்து உட்கார்ந்து சாவி போடுவார், பூட்டு ரிப்பேர் செய்வார். எத்தனையோ நாள் எனக்கு டீ வாங்கித் தந்த மனிதர். அவர் பெயரைச் சொன்னேன். அந்த ஸ்டேஷனில் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான். புதன்கிழமை காலை அவரை விசாரிக்க அழைத்துப் போய்விட்டார்கள். விரித்த குடை விரித்தபடியே இருந்தது. ஸ்டாண்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோர் வண்டியிலும்தான் சாவி இருந்தது.

அந்த இரண்டு நாளும் ஜெபிக்க முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, வண்டியைத் திருப்பித் தாரும்" என்று ஆரம்பிப்பேன். அடுத்த வார்த்தை வராது. தொண்டையில் மீன் முள் சிக்கியது போல அந்தப் பொய் நின்றது. என் மனைவி, "என்னங்க, ஜெபம் பண்ணாம முழிச்சுக்கிட்டே இருக்கீங்க?" என்றாள். எழுந்து போய்விட்டேன்.

புதன் சாயங்காலம் ஐந்து மணிக்கு டீச்சர் வீட்டில் ஜெபக்கூட்டம். வண்டிக்காகவே கூடினோம், பத்துப் பேர் இருக்கும். கடைசியாக டீச்சர் ஜெபித்தார். "ஆண்டவரே, அந்தச் சாவிக்காரர் மனசைத் தொடும். அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லட்டும்" என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. தரையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு எழுந்து நின்றேன்.

"டீச்சர், உண்மையைச் சொல்ல வேண்டியது அவரு இல்ல, நான்தான். சாவி வண்டிலதான் இருந்துச்சு."

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஓர் அறை விழுந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பைபிளை மூடி வைத்தார். "செருப்பைப் போடு. ஸ்டேஷனுக்குப் போகலாம்" என்றார்.

எஸ்.ஐ. என்னைத் திட்டியது நியாயமான திட்டு. அதை இங்கே சொல்ல முடியாது. காதர் பாய் காலையிலிருந்து ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் கைகூப்பி அழுதேன்.

"நீ இன்னாத்துக்கு அழுவுற? என் பொழப்பு போச்சு, நான்ல அழுவணும்" என்றார். பிறகு எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். "சார், சாவி வண்டிலயே இருந்துச்சுன்னா, எடுத்தவன நான் பாத்தேன்."

"இத ஏன்யா காலையிலேர்ந்து சொல்லல?"

"நீ செஞ்சியான்னு கேட்டீங்க, இல்லன்னேன். இன்னா பாத்தேன்னு ஆரும் கேக்கல. சாவி சாமுவேலு ஜேபில இருந்துச்சுன்னு வேற சொன்னீங்க. அப்ப நான் பாத்தவன் அவன் இல்ல போலன்னு உட்டுட்டேன். காக்கி சட்ட, கழுத்துல கர்ச்சீப். முன்னாடி வண்டி போனதும் இவுரு வண்டிய ஒரு எடம் நகுத்தினான். ஸ்டாண்டு ஆளுன்னு நெனச்சேன். இன்னொரு வண்டி போச்சு, அப்பவும் நகுத்தினான். அப்பால அப்டியே பூந்தமல்லி ரோட்டுல பூட்டான்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு இரண்டு நாள் நெய்க்கு அலைந்திருக்கிறோம். பூந்தமல்லி ரோடு என்றதும் எனக்கு இன்னொன்று உறைத்தது. எங்கள் வண்டியில் பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும். பல மாதமாகவே அது ரிப்பேர். அன்றைக்கு உள்ளே இருந்தது இரண்டு லிட்டர்கூட இருக்காது. பாதி டாங்க் இருக்கிறது என்று நம்பி ஓட்டியவன் பூந்தமல்லியைத் தாண்டி அதிக தூரம் போயிருக்க முடியாது. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பொய்யைக் காப்பாற்றுகிறவனுக்குப் புத்தி வேறெதிலும் ஓடுவதில்லை.

வியாழக்கிழமை காலை ஒரு கான்ஸ்டபிளோடு நண்பனின் டாக்சியில் கிளம்பினோம். "மூஞ்சி எனக்குத்தான தெரியும்" என்று, முதல் நாள் இரவே ஸ்டேஷனிலிருந்து வீடு திரும்பியிருந்த பாயும் வந்து ஏறிக்கொண்டார். திருமழிசைக்குக் கொஞ்சம் முன்னால், புளியமரத்தடியில் எங்கள் வண்டி நின்றது. சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கல். பின்னால் ஒடித்துப் போட்ட வேப்பங்கிளை. பழுதாகி நிற்கும் எந்த வண்டியும் அப்படித்தான் நிற்கும் என்பதால் ரோட்டில் போன யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மா, "ரெண்டு நாளா கீதுப்பா. பானட்ட தொறந்து நோண்டிகினே இருந்தாரு. மெக்கானிக்க இட்டாறேன்னு போனவரு வரவே இல்ல" என்றார். இன்றுவரை அவன் யார் என்று தெரியாது.

நான் பானட்டில் தலையைச் சாய்த்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய்விட்டு அழுதேன். பூந்தமல்லிக்குப் போய் கேனில் பெட்ரோல் வாங்கி வந்து ஊற்றி, பாய் போட்டுத் தந்த மாற்றுச் சாவியைத் திருகினேன். வண்டி கிளம்பியது. பாய், "என் சாவி எங்கனா தப்பு பண்ணுமா?" என்றார். இரண்டு நாளுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த நேரமாகப் பார்த்துப் பூந்தமல்லியில் அவர் தெருவுக்குப் போனேன். போலீஸ் அழைத்துப்போன செய்தி அங்கே பரவியிருந்தது. தெருவில் நின்றே, "பாய் மேல ஒரு தப்பும் இல்ல, பொய் சொன்னது நான்" என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். பாய் வந்து கையைப் பிடித்து, "போதும், உள்ள வா, சோறு துன்னுட்டுப் போ" என்றார்.

டீச்சர் ஒரு வாரம் எனக்குச் சாவி தரவில்லை. எட்டாம் நாள் பழைய பாடத்தோடு தந்தார். அதன் பிறகு எங்கள் ஸ்டாண்டில் சாவி அவரவர் ஜேபியில்தான். வரிசை நகர வேண்டுமா, வண்டியை நியூட்ரலில் விட்டிருப்போம், இரண்டு பேர் தள்ளினால் போதும். பாய் என் வண்டியில் ரகசியமாக ஒரு ஸ்விட்ச் வைத்துத் தந்தார். அதைப் போடாமல் இன்ஜின் ஓடாது. பெட்ரோல் முள்ளையும் சரி செய்துவிட்டேன். இறங்குமுன் நாலு பக்கமும் பார்ப்பேன், கண்ணாடியை ஏற்றுவேன், கதவைப் பூட்டி இழுத்துப் பார்ப்பேன். தூக்கம் வந்தால் ஓரம் கட்டிவிடுவேன். தினமும் ஜெபித்துவிட்டுத்தான் வண்டி எடுக்கிறேன். ஆனால் ஜெபித்துவிட்டோம் என்று சாவியை விட்டுவிட்டுப் போவது விசுவாசம் அல்ல, சோம்பேறித்தனம். டிரைவர் தம்பிகள் இதை நினைவில் வையுங்கள்.

இன்று எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டது கிடைத்தது. கேட்காத நற்பெயரும் திரும்பக் கிடைத்தது. ஆனால் பாய் அந்த பெஞ்சில் கழித்த புதன்கிழமையை மட்டும் என்னால் அவருக்குத் திருப்பித் தர முடியவில்லை. ஆகவே பிரியமானவர்களே, ஜெபிக்க உட்கார்ந்து வார்த்தை வராமல் போனால் அங்கேயே உட்கார்ந்திருக்காதீர்கள். எழுந்து போய், யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் முதலில் சொல்லுங்கள். ஆண்டவர் காத்திருப்பார். நீங்கள் வாய் திறக்காததால் யாரோ ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.