நாற்பத்தொரு கோட்டுகள்

எங்கள் ஓவிய வட்டத்தில் ஒன்பது பேர். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், காலை பத்து மணிக்கு, நூலகத்தின் மாடியறையில் கூடுவோம். ஓவியம் எங்களில் எவருக்கும் தொழிலன்று. பழங்காலக் காட்சிகளை வரைபவர்கள் மட்டுமே சேரலாம். வரைந்ததைக் காட்டுபவர் அதை எப்படிச் செய்தார் என்பதை ஒன்று விடாமல் சொல்லியாக வேண்டும். பாய்மரக் கப்பல்களை வரையும் பல் வைத்தியர், கப்பலின் கயிறுகளைப் பல் குடையும் ஊசியால் ஈர வண்ணத்தில் கீறுவதாக ஒப்புக்கொண்டது இந்த விதிக்குக் கட்டுப்பட்டுத்தான். சொல்லப்படும் செய்முறைகளைக் குறிப்பேட்டில் எழுதுவது என் பொறுப்பு. நில அளவை அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வரைபடங்களை நகலெடுத்தவன் நான். பிழை கண்ட இடத்தில் சிவப்பு மையால் அடிக்கோடு இடுவது அங்கே படிந்த பழக்கம்.

"சார் சிவப்புப் பேனாவ எடுத்தாலே எனக்குப் பல்லு கூசுது" என்பார் பல் வைத்தியர்.

ஊசியக்கா எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. பதினான்காம் வயதில் தாயாரின் பக்கத்தில் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தவர். பேருந்து ஓட்டுநர்களின் சீருடை தைப்பதில் பெயர் பெற்றவர். கணவரும் அந்த வழியாக வந்தவரே. "பேன்ட் குட்டையாப் போச்சுன்னு சண்டைக்கு வந்தாரு. அந்தச் சண்டை இன்னும் முடியல" என்று ஊசியக்காவே சொல்வார். வீட்டின் முன்னறைதான் கடை. ஓர் ஆள் உயரக் கண்ணாடி, கண்ணாடிப் பலகை பதித்த வெட்டுமேசை, அளவுநாடா தொங்கும் ஆணி. மாலை ஐந்து மணிக்குத் துணிகள் மேசையைவிட்டு இறங்கும், வண்ணங்கள் ஏறும்.

அவர் வரைந்ததெல்லாம் உடைக்காகத்தான். பழைய காலத்து மனிதர்கள் எதை எப்படி உடுத்தினார்கள் என்பதைத் தையல் தையலாக வரைவார். ஆனால் உண்மையில் அவர் வரைய விரும்பியது ஒரே ஒருவரை. அவருடைய தந்தை கொத்தனார். ஊரின் முதல் பாலத்தைக் கட்டிய குழுவில் ஒருவர். ஊசியக்காவுக்கு மூன்று வயதானபோது இறந்துவிட்டார். முகம் மகளின் நினைவில் இல்லை. வீட்டில் ஒரு புகைப்படமும் இல்லை. தாயார் சொல்லிவிட்டுப் போனது இவ்வளவே: பாலம் திறந்த நாளில் கொத்தனார்களுக்கெல்லாம் இரவல் கோட்டு மாட்டிப் படமெடுத்தார்கள். பாலத்தின் ஒரு கோடியில் இருந்த கோபுரத்தின் அடியில், கடைசி ஆளாக, கைநீளம் விரலை விழுங்கிய கோட்டோடு அவர் நின்றார்.

அந்தப் பாலம் திறந்த ஆறாம் ஆண்டின் வெள்ளத்தில் கோபுரத்தோடு போயிற்று. ஊசியக்கா பிறப்பதற்கு முன்னரே போய்விட்டது.

சென்ற ஆண்டு அதே இடத்தில் புதிய பாலம் எழுந்தது. நகராட்சிக் கூட்ட அறையில் முதற்பாலத்தின் ஓவியம் ஒன்றை மாட்டப்போவதாகவும், அதை எங்கள் வட்டமே வரைந்து தரலாம் என்றும் கடிதம் வந்தது. ஊசியக்கா நூலகத்தின் பழைய பெட்டிகளைக் கிளறி, திறப்பு நாளில் எடுத்த படத்தின் கண்ணாடித் தகட்டைக் கண்டெடுத்தார். ஒளியும் இருளும் மாறிப் பதிந்த தகடு. ஆயினும் கோபுரத்தின் அடியில் அந்த நீளக் கையர் நின்றார். எட்டு மாதங்கள் ஊசியக்கா அதை வரைந்தார்.

"பாலம் கட்டினவங்களே இவ்ளோ நாள் எடுத்திருக்க மாட்டாங்க" என்றார் கணவர்.

"அவங்களுக்குப் பக்கத்துல உட்கார்ந்து பேச நீங்க இல்லையே."

ஓவியத்தை எங்களுக்குக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை, மூன்றடி அகலத் துணியில் அந்த நாள் எழுந்து நின்றது. நாற்பத்தொரு ஆண்கள், ஒவ்வொருவர் கோட்டும் தனித்தனி மடிப்போடு. பல் வைத்தியர் தம் கப்பல் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். பிறகு ஊசியக்கா செய்முறை சொன்னார்.

"வெட்டுமேசைக்கு அடியில விளக்கு வெச்சு, மேல தகட்ட வெச்சு, கோடு எடுத்தேன். தகட்டுல ஒரு பக்கம் மருந்து பூசியிருக்கு, கீறிடும்னு நூலகர் சொன்னாரு. அதனால மருந்துப் பக்கத்த மேல பார்க்க வெச்சேன். ஒரு வேடிக்கை பாருங்க, எல்லாக் கோட்டுலயும் பொத்தான் தப்பு. ஆம்பளைக் கோட்டுல இடப்பக்கத் துணிதான் மேல வரணும். இதுல வலப்பக்கம் மேல வருது. அந்தக் காலத்து டெய்லருக்கு என்ன ஆச்சோ! நாற்பத்தொண்ணையும் நானே சரி பண்ணிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

மருந்துப் பக்கத்தை மேலே வைத்துப் பார்த்தால் காட்சி இடவலமாக மாறித் தெரியும். படமெடுத்த நகர்க்கரையிலிருந்து பார்க்கையில் கோபுரம் பாலத்தின் வலக்கோடியில் இருந்தது; அந்தக் கரையின் வரைபடத்தை நானே நகலெடுத்திருக்கிறேன். ஊசியக்காவின் ஓவியத்தில் அது இடக்கோடியில் நின்றது. தகடு திரும்பிக் கிடந்ததைச் சொல்லித்தர அந்த நாற்பத்தொரு கோட்டுகளும் முயன்றன. அவர் தொழிலறிவால் அவற்றின் வாயை அடைத்துவிட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. ஓவியத்தை ஒப்படைக்க இன்னும் ஆறு மாதங்கள் இருந்தன. அதே பாலத்தை நானும் வரைந்திருந்தேன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கோபுரம் வலக்கோடியில், அளவு பிசகாமல். மனிதர்களை வரைய எனக்கு வராது. ஆகையால் அதில் ஆளில்லை.

இரண்டு ஓவியங்களும் போயின; நகராட்சியார் ஊசியக்காவின் ஓவியத்தையே தேர்ந்தார்கள். மாட்டிய நாளில் அவர் தாமே தைத்த புதிய உடையில் வந்து, சுவரடியில் நின்று, தந்தையின் உயரத்தைத் தம் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். மூன்றாம் நாள் பொறியாளர் ஒருவர் பழைய வரைபடத்தோடு வந்து ஒப்பிட்டார். நான்காம் நாள் ஓவியம் இறங்கியது. ஐந்தாம் நாள் அந்த ஆணியில் என்னுடையது ஏறியது.

அடுத்த கூட்டத்துக்கு ஊசியக்கா சரியாகப் பத்து மணிக்கு வந்தார்.

"உங்க படம் மாட்டியிருக்காங்க சார். விதிப்படி செய்முறை சொல்லணும். சொல்லுங்க."

தாள், நீர்வண்ணம், தூரிகை எண் என்று சொல்லி முடித்தேன்.

"கோபுரம் எந்தப் பக்கம்னு எப்படித் தெரிஞ்சுது?"

"வரைபடத்துல இருக்கும்மா."

"பொறியாளர் கொண்டுவந்தாரே, அதுலயா? அதோட மூலையில உங்க இனிஷியல் இருந்துச்சு. எப்போ நகலெடுத்தீங்க?"

"இருபது வருஷம் இருக்கும்."

பல் வைத்தியர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குறிப்பேட்டக் கொஞ்சம் குடுங்க."

கொடுக்காமல் இருக்க வழியில்லை. அது வட்டத்தின் பொதுச் சொத்து. அவர் பக்கத்தைத் தேடி எடுத்து, தையலைச் சோதிப்பதுபோல் விரலால் வரி வரியாக நகர்ந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. "மருந்துப் பக்கம் மேலே" என்ற சொற்களின் கீழே, அளவுகோல் வைத்து இட்டதுபோல், ஒரு சிவப்புக் கோடு. அதை இட்டது எனக்கு நினைவில் இல்லை. கை தன் பழக்கத்தைச் செய்திருந்தது.

"அன்னைக்கே தெரிஞ்சிருக்கு" என்றார்.

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..."

"தப்பாத் தைச்சிருந்தா பிரிச்சுத்தான் ஆகணும் சார். துணிக்கு வலிக்கும்னு யாராவது விடுவாங்களா? ஆறு மாசம் இருந்துச்சு. ராப்பகலா உட்கார்ந்து திரும்ப வரைஞ்சிருப்பேன். எங்கப்பா இப்போ அங்க நின்னுட்டிருப்பாரு."

"வேணும்னா என் படத்துல, கோபுரத்துக்குக் கீழ, நீங்களே அவர..."

"வேண்டாம். உங்க படத்துல ஆளே இல்ல. அது அப்படியே இருக்கட்டும். உங்களுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு."

குறிப்பேட்டை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் வட்டத்துக்கு வரவில்லை.

இரண்டு மாதங்கள் கழித்து, கழுத்துப்பட்டி தளர்ந்த ஒரு சட்டையைச் சாக்காக எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். கணவர் வாசலில் செய்தித்தாளோடு இருந்தார்.

"உங்கள உட்கார வைன்னும் அவ சொல்லல, துரத்துன்னும் சொல்லல. நீங்களே ஏதாவது பண்ணிக்குங்க சார்."

உள்ளே போனேன். ஆளுயரக் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் அந்த ஓவியம் தொங்கியது. நான் கண்ணாடிமுன் நிறுத்தப்பட்டேன். அவர் என் கழுத்தில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள், என் தோளுக்குப் பின்னால், கோபுரம் வலக்கோடியில் நின்றது.

"பார்த்தீங்களா?" என்றார், வாயில் குண்டூசியோடு. "இதுல பாலம் சரி. கோபுரம் சரி. எங்கப்பா நிக்கிற இடமும் சரி. பொத்தான் மட்டும்தான் தப்பு. அது நான் சரி பண்ணினது."

எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொரு பேரும் கோட்டை மாற்றிப் பூட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆளின் விரல்கள் வெளியே தெரியவில்லை.

"செவ்வாய்க்கிழமை வாங்க" என்று அளவுநாடாவை ஆணியில் மாட்டினார். ரசீதுப் புத்தகத்தைப் பிரித்து, பேனாவைத் திறந்து, ஐந்து ஆண்டுகள் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்:

"பேர் சொல்லுங்க."

சொன்னேன். எழுதிக்கொண்டார்.