ஆஸ்பத்திரியிலிருந்து சங்குமுகம்: ஒரு பிற்பகல்

திருவனந்தபுரம் கடற்கரைகளைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். நாங்கள் போனது புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு. நாகர்கோவிலிலிருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கு மாதம். எங்களைப் போல நோயாளியோடு வந்து, கையில் அரைநாள் மிச்சமாகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சென்ற டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணிக்கு டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். என் கணவருக்கு இனி மருந்து பெரிதாகக் கேட்காது, வேண்டுமானால் இன்னொரு சுற்று கொடுத்துப் பார்க்கலாம் என்றார். வெளியே வந்து அவரிடம், அடுத்த தேதி தந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர், கடலைப் பார்த்துவிட்டுப் போவோமா என்றார்.

இருபத்திரண்டு வருஷம் நாகர்கோவில் - திருவனந்தபுரம் பஸ் ஓட்டியவர் அவர். சங்குமுகம் கடற்கரைக்கு எந்த பஸ் என்று தினமும் யாருக்காவது சொல்லியிருப்பார். போனதில்லை. தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் அரைமணி ஓய்வு, ஒரு டீ, திரும்ப வண்டி.

மூன்று மணிக்கு ஆட்டோ பிடித்தோம். வேளி, சங்குமுகம், பிறகு தம்பானூர். மொத்தம் இருபது கிலோமீட்டர் போல வரும், காத்திருப்பும் சேர்த்து எழுநூறு ரூபாய். வேளியில் காயல் கடலைத் தொடுகிற இடம் அழகு. அங்கே பூங்காவுக்கு எங்களுக்கு நுழைவுச்சீட்டு ஆளுக்கு இருபது ரூபாய். நிழலும் பெஞ்சும் உண்டு. நடைதான் அதிகம், முடியாதவர்கள் காயல் ஓரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். படகு வேண்டாம், வயிறு புரட்டும் என்றுவிட்டார்.

அங்கிருந்து சங்குமுகம் நாலு கிலோமீட்டர். நாலரைக்குப் போனோம். விரிந்த மணல் என்று கேள்விப்பட்டிருந்தோம். கடல் ஏறி ஏறி நிறையத் தின்றுவிட்டிருக்கிறது. அவருக்கு நடக்கிற தூரம் குறைந்தது என்று எழுதவே என்னவோ போலிருக்கிறது. ஆட்டோக்காரர் அந்தக் கடலோரத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். "சேட்டா, மணல்ல காலு புதையும். நில்லுங்க, நான் கசேர கொண்டு வராம்" என்று டீக்கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து போட்டு, இவரைத் தாங்கி உட்கார வைத்துவிட்டு ஆட்டோவுக்குப் போய்விட்டார்.

பக்கத்திலேயே விமான நிலையம். ஒரு விமானம் இறங்கி, சத்தம் அடங்கியதும் இவர் பேசினார்.

"எனக்கு அப்பவே மனசிலாச்சு, பகவதி. இனி ஊசி வேண்டாம்."

இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போம் என்று கெஞ்சினேன்.

"நாலு மாசமும் ஒனக்காவத்தான் வந்தேன். மிச்ச நாள எனக்குத் தா."

செருப்பைக் கழற்றிவிடச் சொன்னார். மருந்தில் நகம் கறுத்துப்போன விரல்களை அலை வந்து தொட்டுவிட்டுப் போனது. ஆறு மணி தாண்டிச் சூரியன் மறைந்த பிறகுதான் என் வாயிலிருந்து சரி என்று வந்தது.

அந்த அடுத்த தேதிக்கு நாங்கள் போகவில்லை. கேட்ட மீனெல்லாம் வறுத்துக் கொடுத்தேன். பாதி நாள் ஒரு வாய்தான் தின்றார். பொங்கல் கழிந்து ஒன்பதாம் நாள், வீட்டில், தூக்கத்தில் போனார். அந்த இன்னொரு சுற்றையும் கொடுத்திருக்கலாமோ என்று எனக்கு இன்னும் சில நாள் தோன்றும்.

போகிறவர்களுக்கு: மூன்று மணிக்கு முன்னால் வெயில் தாங்காது. ஒரு துண்டு, தண்ணீர், வாந்தி மாத்திரை கையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் கடல் சீறும், பக்கத்தில் போக வேண்டாம். முக்கியமாக, டாக்டரைப் பார்க்க வரும் முதல் தடவையே போய்விடுங்கள். நாங்கள் ஆறு தடவை வந்து ஐந்து தடவை அலுப்பென்று நேரே ஊருக்குத் திரும்பினோம். முதல் மூன்று தடவை அவரால் நன்றாக நடக்க முடிந்தது.