பெரியவர் விழுந்த ஞாயிற்றுக்கிழமை

மல்லிகைப்பூ வாசம் வந்தால் எனக்குப் பசிக்கும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. வேலைக்குப் போன முதல் இரண்டு வருடமும் அழகர்கோவில் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் பூக்கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் வருவேன். வீட்டில் சாப்பிட நேரமிருக்காது. கூடைகளுக்கு மேலே டிபன் பாக்ஸைத் திறந்துவைத்து இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்வேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் பாக்ஸ் காலி. மூக்குக்கும் வயிற்றுக்கும் அப்போது ஏற்பட்ட உறவு இன்னும் முறியவில்லை.

சில மாதங்களுக்கு முன் அம்மா வீட்டுக்குப் போக அதே மாட்டுத்தாவணியில் நின்றுகொண்டிருந்தேன். பூ வாசம் வந்தது, பசித்தது, வறுத்த கடலை வாங்கினேன். ஒரு கையில் பொட்டலத்தோடு மறு கையால் போனை எடுத்துப் பார்த்தால் ஒரு மின்னஞ்சல். நான் இருபத்திரண்டு வயதில் பைத்தியமாக விளையாடிய ஆன்லைன் விளையாட்டு திரும்ப வருகிறதாம். புத்தம் புது சர்வர்கள். பழைய ஆட்களுக்குச் சலுகை கிடையாது, எல்லோரும் முதல் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று போட்டிருந்தது.

கடலையை அப்படியே பையில் கொட்டிவிட்டு நசீமாவுக்குப் போன் செய்தேன்.

"ஏய், பெரியவர் திரும்பி வந்துட்டாருடி."

அந்தப் பக்கத்திலிருந்து, "யா அல்லாஹ்" என்றாள். அடுத்து, "நான் முன்னாடி நிக்கிறேன். நீ என்னைச் சாக விட்டுறாத" என்றாள். நலமா, பிள்ளைகள் நலமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் பேசி அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது.

நசீமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காஜிமார் தெருப் பக்கத்துப் பெண். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, அத்தர் கடை வைத்திருந்தார். டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்த டேட்டா என்ட்ரி ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்கு. எங்கள் வீட்டில் அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில்தான் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான் என்பதால் எனக்கு அந்த நாற்காலிமேல் அபார மரியாதை, முதுகைச் சாய்க்கவே பயப்படுவேன். நசீமாதான், "சாஞ்சு உக்காருடி, அது ஒண்ணும் கடிக்காது" என்று என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள்.

காலை ஷிப்ட் மதியம் இரண்டு மணிக்கு முடியும். என் ஊர் பஸ் நாலரைக்குத்தான். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சேகர் அண்ணனின் பிரவுசிங் சென்டர். எட்டு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு, மேலே ஒரு காத்தாடி. வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும் என்றுதான் முதல் நாள் போனோம். சேகர் அண்ணன் தன் கம்ப்யூட்டரில் ஒரு வில்லாளியை வைத்துக்கொண்டு ஓநாய்களைச் சுட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பின்னால் நின்று பார்த்தோம். விண்ணப்பம் அன்றைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக ஒரு வரி. பல ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் இணையம் வழியாக நுழைந்து, ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு, மிருகங்களோடு சண்டையிட்டுப் படிப்படியாக வலுவேறுகிற ஒரு கற்பனை உலகம் அது. நசீமா கேடயம் ஏந்திய போர்வீரர். முன்னால் நின்று அடி வாங்குவது அவள் வேலை. நான் வைத்தியர், அடி வாங்கியவர்களுக்கு மந்திரம் போட்டு உயிரேற்ற வேண்டும். சேகர் அண்ணன் வில். நாலாவது ஆள் தவமணி, கட்டடத்துக்கு ஒயரிங் வேலை பார்க்க வந்த எலெக்ட்ரீசியன். ஒயரை மாட்டிவிட்டு எழுந்து போக மறந்தவர். அவர் நெருப்பு மந்திரவாதி. எலெக்ட்ரீசியன் நெருப்போடு விளையாடுவதைப் பற்றி நாங்கள் செய்த கிண்டலெல்லாம் இங்கே எழுத இடமில்லை.

பெண் பெயரோடு உள்ளே போனால் வருகிறவன் போகிறவன் எல்லாம் வழிமறித்து வம்பிழுப்பான். அதனால் நான் வீரபாண்டி என்று பெயர் வைத்துக்கொண்டேன். நசீமா தன் அண்ணன் பெயரையே வைத்துக்கொண்டாள், காசிம். "அவனுக்குத் தெரிஞ்சா குதிப்பான். ஆனா நெசக் காசிமைவிட என் காசிம்தான் தைரியசாலி" என்பாள். ஒரு வருடம் முழுக்க உலகமெல்லாம் எங்களை 'மாப்ள' என்றே கூப்பிட்டது. நாங்களும் பதிலுக்கு 'சொல்லு மாப்ள' என்று தட்டினோம்.

பெரியவர் என்பது ஒரு பனிநாகம். மலையுச்சிக் குகையில் சுருண்டு கிடக்கும். அதற்கு விளையாட்டில் வாயில் நுழையாத ஒரு பெயர். நாங்கள் வைத்த பெயர் பெரியவர். "நாளைக்கு மதியம் பெரியவரைப் பாக்கப் போறோம்" என்று ஆபீசில் பேசிக்கொண்டால் யாருக்கும் சந்தேகம் வராது. ஏதோ ஆசீர்வாதம் வாங்கப் போகிறோம் என்று எங்கள் சூப்பர்வைசர் மனதாரப் பாராட்டியிருக்கிறார். அந்த உலகத்தின் தலைநகரில், நடுச் சதுக்கத்தில், ஒரு கல்தூண் உண்டு. பெரியவரை முதலில் வீழ்த்தும் நான்கு பேரின் பெயரை அதில் பொறிப்பார்கள். இரண்டாவதாக வீழ்த்துகிறவர்களுக்கு அதில் இடமில்லை. ஒரு சர்வருக்கு, அதாவது அந்த உலகத்தின் ஒரு பிரதிக்கு, ஒரே ஒரு முறைதான்.

நாங்கள் நாலு மாதம் தயாரானோம். ஒரு மதியம் இரண்டு பத்துக்குக் குகைக்குள் நுழைந்தோம். மூன்று மணிக்குத்தான் தினசரி கரண்ட் கட், அதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்கு. பெரியவரின் உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு குறைந்து குறைந்து நகக்கண் அளவுக்கு வந்தது. நசீமா நாற்காலியை விட்டு எழுந்து நின்றே தட்டிக்கொண்டிருந்தாள். ரெண்டே முக்காலுக்குக் கரண்ட் போய்விட்டது. அன்றைக்கென்று கால் மணி முன்னதாக. யுபிஎஸ் ஒரு முறை கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. எட்டுத் திரையும் கறுப்பு. காத்தாடி மட்டும் இன்னும் நாலு சுற்றுச் சுற்றி நின்றது.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தபோது கல்தூணில் வேறு நாலு பெயர்கள் இருந்தன. குகை வாசலில் காத்திருந்த ஏதோ ஒரு கூட்டம், நாங்கள் குற்றுயிராக விட்டுப்போனதை ஒரே நிமிடத்தில் முடித்திருக்கிறது. நசீமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டி, "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நாலரை பஸ்ஸை விட்டுவிட்டு நான் எதற்காக அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று வீட்டில் கேட்டார்கள். பெரியவர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

அடுத்த ஆறு மாதத்தில் நசீமா கல்யாணமாகி இளையான்குடி போனாள். எனக்குப் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் வேலை கிடைத்தது, பிறகு திருநகரில் முதல் மாடியில் வீடு. சென்டர் மூடப்பட்டது. ஒரு நாள் அந்த சர்வரையும் நிறுத்திவிட்டார்கள். வீரபாண்டி, காசிம் எல்லோரும் அதோடு போனார்கள்.

புது சர்வரில் எங்கள் பழைய சாமர்த்தியம் எதுவும் செல்லவில்லை. முதல் நாள் என்னை ஒரு நண்டு கொன்றது. ஆற்றங்கரையில் சும்மா போன நண்டு. நாற்பது வயதை நெருங்கும் ஆசிரியை, வகுப்பில் எழுபது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், நண்டிடம் மூன்று முறை செத்தேன். பெயர் கேட்கும் திரை வந்தபோது மட்டும் நசீமா யோசிக்கவே இல்லை. "இந்தத் தடவை என் பேருதான். எவன் வம்புக்கு வாரான் பாப்போம்." அவள் நசீமா என்று தட்டினாள். நானும் என் பெயரையே தட்டினேன்.

நாங்கள் கூப்பிட்டதும் தவமணி வந்துவிட்டார். இப்போது அவர் பெரிய காண்டிராக்டர், கீழே பத்துப் பேர் வேலை பார்க்கிறார்கள். வந்ததும் செய்த முதல் காரியம், இளையான்குடிக்கே போய் நசீமா வீட்டு இன்வெர்ட்டரைச் சோதித்துப் புது பேட்டரி மாட்டியதுதான். அடுத்து என் வீடு. "இந்தத் தடவை கரண்ட்டு போகட்டும் பாப்போம்" என்று மெயின் பாக்ஸைப் பார்த்து விரல் ஆட்டினார்.

சேகர் அண்ணன்தான் மாட்டேன் என்றார். ஒத்தக்கடையில் சின்னதாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நேரில் போனேன்.

"வேணாம்மா. நீங்க வேற யாரையாச்சும் சேத்துக்கங்க."

"ஏண்ணே?"

மிஷினின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். "யுபிஎஸ் பேட்டரி வீக்கா இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அடுத்த மாசம் மாத்துவோம், அடுத்த மாசம் மாத்துவோம்னு தள்ளிக்கிட்டே வந்தேன். அந்தப் புள்ள அன்னைக்கு ஒண்ணும் பேசாமப் போச்சுல்ல, அந்த மொகம் எனக்கு மறக்கவே இல்ல. அதுக்கப்புறம் அந்த கேமைத் தொறக்கவே கூசிருச்சு."

இத்தனை வருடமாக ஒரு மனிதர் இதைச் சுமந்துகொண்டிருக்கிறார், நாங்கள் இரண்டு பேரும் கரண்டைத் திட்டிவிட்டு மறந்துபோனோம். அங்கிருந்தே நசீமாவுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

"அண்ணே" என்றாள் அவள். குரல் எனக்கும் கேட்டது. "அன்னைக்கு நான் பேசுனா அழுதுருவேன்னுதான் பேசாமப் போனேன். உங்க மேல எனக்கென்ன கோவம்? அப்ப நாங்க வீட்டையும் ஆபீசையும் விட்டா போறதுக்கு எங்கண்ணே எடம் இருந்துச்சு? ரெண்டு பொம்பளப் புள்ளைக நிம்மதியா உக்காரட்டும்னு அந்த ஓரத்து ரெண்டு சிஸ்டத்தையும் யாருக்கும் தராம வச்சிருந்தீங்களே, அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அது எனக்குத் தெரியாது. அந்த மூலை தற்செயலாகத் தினமும் காலியாக இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"நீங்க வரலேன்னா என் வீட்டுக்காரரு கையில வில்லைக் குடுத்துருவேன். அவரு அதைத் திருப்பிப் புடிச்சு என்னையே சுட்டுருவாரு. அம்புட்டுதான், சொல்லிட்டேன்."

சேகர் அண்ணன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஐடி பாஸ்வேர்டெல்லாம் புதுசாப் போடணுமா?" என்று கேட்டார்.

ஏழு வாரம், சனி ஞாயிறு காலைகளில் ஏறினோம். நண்டிலிருந்து ஓநாய், ஓநாயிலிருந்து மலை. ஒரு சனிக்கிழமை தவமணி செய்தி கொண்டுவந்தார். வேறொரு குழு மறுநாள் சாயங்காலம் பெரியவரிடம் போகப்போகிறதாம், அவர்களே பொது அரட்டையில் பீற்றிக்கொண்டிருக்கிறார்கள். நசீமா ஒரே வரியில் முடிவெடுத்தாள்: "காலையில பதினொண்ணு. நான் சோறு வடிச்சுட்டு வாரேன்."

ஞாயிறு பதினொரு மணிக்கு நாலு பேரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குகைக்குள் போனோம். கரண்ட் போகவே இல்லை. அதைத் தவிர மற்றதெல்லாம் நடந்தது. சிவப்புக் கோடு பாதிக்குக் கீழே இறங்கிய நேரத்தில் என் வீட்டு வாசலில் மணி அடித்தது. விடாமல் அடித்தது. வீட்டில் வேறு யாருமில்லை.

"கேஸ் சிலிண்டர்!"

"கதவு சும்மாதான் சாத்திருக்கு, கொண்டாந்து வைங்கண்ணே!" என்று திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கத்தினேன். சிலிண்டரைத் தோளில் தூக்கி வந்தவர் ஹாலில் இறக்கி வைத்துவிட்டு, "கையெழுத்துப் போடணும்க்கா" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே, இது செத்துரட்டும்."

"எது?" என்றார் பயந்துபோய்.

அவரைத் திரும்பிப் பார்த்த அந்த இரண்டு நொடியில் மந்திரத்தை ஆள் மாற்றிப் போட்டுவிட்டேன். அடியே படாத தவமணிக்கு உயிரேறியது. முன்னால் நின்ற நசீமா விழுந்துவிட்டாள். "போச்சுடி" என்று அவள் குரல் காதில் கேட்டது. கேடயம் இல்லாவிட்டால் பெரியவர் அடுத்த மூச்சில் மற்ற மூன்று பேரையும் ஊதிவிடுவார்.

அப்போது சேகர் அண்ணனின் வில்லாளி பின்வரிசையிலிருந்து நேராகப் பெரியவரின் முகத்துக்கு ஓடினார். வில்லாளிக்குக் கவசம் கிடையாது, அப்படி யாரும் செய்யமாட்டார்கள். "எனக்குப் போடும்மா, எனக்கு மட்டும் போடு! தவமணி, நீ அடி!" அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. மற்றதை மறந்து அவர் ஒருவருக்கே மந்திரத்தை விடாமல் போட்டேன். விரல் வலித்தது. சிலிண்டர்காரர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "அக்கா, அந்த செவப்புக் கோடு கொறையுது, விடாதீங்க, விடாதீங்க" என்றார். கோடு நகக்கண் அளவுக்கு வந்தது. அதற்கும் கீழே போனது. பெரியவர் தலையைத் தூக்கினார், ஆடினார், மலை முழுக்க அதிர விழுந்தார்.

நாலு பேரும் என்ன கத்தினோம் என்று எங்களுக்கே தெரியாது. நசீமா அழுதுகொண்டே சிரித்தாள். தவமணி விசிலடித்ததில் ஹெட்போன் கிழிந்தது. சேகர் அண்ணன், "விழுந்துட்டானா? நெசமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சிலிண்டர்காரர் எனக்குக் கைகொடுத்துவிட்டு, கையெழுத்து வாங்க மறந்து கீழே போய், மறுபடி மாடியேறி வந்தார்.

கல்தூணில் எங்கள் நாலு பெயர்களும் இருக்கின்றன. முதல் பெயர் நசீமா. யாரும் இனி அதற்கு மேல் எழுத முடியாது.

போன வாரம் நாலு பேரும் மதுரையில் சந்தித்தோம். சாப்பிட்டுவிட்டுப் பழைய சென்டரைப் பார்க்கப் போனோம். கட்டடமே இல்லை. ஆபீஸ், மாடிப்படி, பிளைவுட் மூலை ஒன்றும் இல்லை. தகரக் கூரை போட்டு இருசக்கர வண்டி நிறுத்துமிடம் ஆக்கியிருக்கிறார்கள். சேகர் அண்ணன் வண்டிகளுக்கு நடுவில் நடந்துபோய், கண்ணால் அளந்து, ஓரிடத்தில் நின்று, "உங்க ரெண்டு சிஸ்டமும் இங்கதான்" என்றார். நசீமா போய் அவர் பக்கத்தில் நின்றாள். நானும் போனேன்.

டோக்கன் தருகிறவர் எழுந்து வந்தார். "வண்டி எங்க நிக்குது?"

"வண்டியெல்லாம் இல்லண்ணே" என்றாள் நசீமா. "நாங்க ஜெயிச்சுட்டோம். அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தோம்."

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, சொல்லிட்டு ஓரமா நில்லுங்க, வண்டி வருது" என்றார்.