கணுக்காலில் ஒட்டியிருந்த எலும்பு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு தட்டு நிறையப் புதைபடிவங்கள் இருந்தன. முயல் அளவே இருந்த ஏதோவொரு விலங்கின் எலும்புகள். கோடிக்கணக்கான ஆண்டுகள் பழையவை. பன்றி இனம் என்று பேராசிரியர் சீட்டு எழுதி வைத்திருந்தார். ஒட்டியிருந்த பாறைத்துகளை ஊசியால் சுரண்டி எடுப்பது ஆராய்ச்சி மாணவியான என் வேலை. அதில் ஒரு கணுக்கால் எலும்பு என்னை உறுத்தியது. பன்றிக்கு அந்த இடத்தில் இரண்டு எலும்புகள் தனித்தனியாக இருக்கும். ஆடு, மாடு, மான் என அசைபோடுகிறவற்றுக்கு இரண்டும் சேர்ந்து ஒன்றாகிவிடும். இதில் சேர்ந்திருந்தன.

விடுமுறைக்கு ஓசூர் வந்ததும், ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று ஆட்டுக்கால் வாங்கக் கறிக்கடைக்குப் போனேன்.

"சூப்புக்காம்மா? துண்டு போட்டுரட்டா?" என்றார் கடைக்காரர்.

"வேணாம் பாய், மூட்டு முழுசா வேணும்."

சொல்வதற்குள் கத்தி இறங்கிவிட்டது. எலும்பின் ஓரத்தில் சாய்வாக ஒரு வெட்டு. பன்றிக்கால் வேறொரு கடையில் கிடைத்தது. அம்மா அதை வீட்டுக்குள் விடவில்லை; கொல்லையில் பழைய பெயின்ட் டப்பாவில் வேகவைத்துச் சதையை உரித்தேன்.

விடுமுறை முடிந்து திரும்பியதும் எல்லாவற்றையும் பேராசிரியரின் மேசையில் பரப்பி, இது பன்றி இல்லை, அசைபோடுகிறவற்றின் உறவு என்று விளக்கினேன். "பரவால்லையே. இங்கயே வச்சிட்டுப் போ, பாக்கலாம்" என்றார். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு கட்டுரை வந்தது. அசைபோடும் விலங்குகளின் மிகப் பழைய உறவு ஒன்றைக் கண்டுபிடித்ததாக, அவர் பெயரில் மட்டும். ஒப்பீட்டுப் படத்தில் என் ஆட்டெலும்பு, அந்தச் சாய்ந்த வெட்டோடு.

கட்டுரையோடு அவர் அறைக்குப் போனேன். "படத்துல இருக்கறது நான் கொண்டாந்த எலும்பு சார்."

"ஆட்டுக்கால் வாங்கிட்டு வந்ததுக்கெல்லாம் பேரு போடுவாங்களாம்மா?"

அறையில் இருந்த சக மாணவர்கள் சிரித்தார்கள். என்ன நடந்ததென்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினேன். அனுப்புவதற்குள் அவர் காதுக்கு எட்டிவிட்டது. "புகார் போச்சுன்னா சர்டிஃபிகேட் வராது. யோசிச்சுக்க" என்றார், குரலை உயர்த்தாமல். அப்பா படுக்கையில் இருந்த சமயம். எனக்கு வேலை வேண்டும். புகாரைக் கிழித்துப் போட்டேன். அவர் கையெழுத்திட்ட நன்னடத்தைச் சான்றிதழைக் காட்டித்தான் ஓசூரில் ஒரு கம்பெனியின் குவாலிட்டி பிரிவில் சேர்ந்தேன்.

கேண்டீனில் சாப்பிட்டு முடித்ததும் சில நாள் கைபேசியில் அந்தக் கட்டுரையைத் திறந்து, எங்காவது தப்பு இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் ஊரறிய எழுதிக் கிழித்துவிடலாம். ஒன்றும் கிடைப்பதில்லை. அவர் சொல்லியிருப்பது அத்தனையும் சரி.