மாரிக்குப்பம் ரயிலில் வினைச்சொல்

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் முதலில் போவது தொண்டை, அடுத்து போவது பொறுமை. எனக்கு இரண்டும் போய் ரொம்ப நாளாச்சு. 'வெர்ப் எது, ஆப்ஜெக்ட் எது' என்று அடிக்கோடு போடத் தெரியாமல் பெஞ்சு மேல் ஏறி நின்ற சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு வீடு கோலார் தங்கவயலில், நந்திதுர்க் பக்கம். பெங்களூரில் வாத்தியார் வேலை. தினமும் விடியற்கால ரயிலில் போகும்போதே, கூட வருகிறவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்துகிறேன்.

கை செய்வது வெர்ப்

எங்கள் பெட்டியில் நிற்கவே இடமில்லை, கரும்பலகைக்கு எங்கே போவது? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் ஒரு வாக்கியம் சொல்வேன், எல்லோரும் அதைச் செய்துகாட்ட வேண்டும். கை செய்வது வெர்ப், கையில் அகப்படுவது ஆப்ஜெக்ட். 'ஷி ஓப்பன்டு தி பாக்ஸ்' என்றால் டிபன் டப்பாக்கள் திறக்கும், பெட்டி முழுக்கப் புளியோதரை வாசம் அடிக்கும்.

ஒரு வியாழக்கிழமை ஸ்டெல்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கம்பெனி ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறவர். பின்னாலேயே அவரோடு வேலை பார்க்கும் பூதிகோட்டைப் பெண் மகேஸ்வரி, அழுத முகத்தோடு. மேனேஜர் அவசரமாகப் போகும்போது வழியில் நின்ற துப்புரவு டிராலியைத் தள்ளிவிட, அது மோதிக் கண்ணாடிக் கதவு தூள். சில்லுகளைக் கூட்டிக்கொண்டிருந்த மகேஸ்வரியைக் காட்டி, இவள்தான் உடைத்தாள் என்று சொல்லிவிட்டார் அந்தப் புண்ணியவான். பார்த்தது ஸ்டெல்லா மட்டும்தான். திங்கட்கிழமை விசாரிக்க வருகிற வடக்கத்தி அதிகாரிகளுக்கு நம்ம பாஷை எதுவும் தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்லப்போவதும் அதே மேனேஜர்!

"திங்கக்கெழமைக்குள்ள எனுக்கு இங்கிலீஷு வரணும் சார், இல்லன்னா இவ வேல பூடும்."

வெள்ளிக்கிழமைச் சங்கிலி

மறுநாள் என் புத்தி எங்கேயோ மேயப் போயிருந்தது. ஸ்டெல்லாவுக்காகத் தள்ளு, இழு என்று எல்லோரையும் பழக்கிக்கொண்டே வந்தவன், 'ஹி புல்டு தி செயின்' என்று சொல்லித் தொலைத்தேன். அபாயச் சங்கிலிக்கு நேர் கீழே நின்றவர் தாஸ். செக்யூரிட்டி வேலை, சொன்ன சொல்லைத் தட்டாத மனுஷன். இழுத்தேவிட்டார். டேகல் ஸ்டேஷன் தாண்டி நடுக்காட்டில் ரயில் நின்றது. கார்டு ஓடிவந்து கன்னடத்தில் அர்ச்சனை பண்ண, நான் கும்பிடு போட்டு ஒருவழியாகச் சமாளித்தேன். ரயில் கிளம்பியதும் தாஸ் மேல் பாய்ந்தேன். அவர் அசரவே இல்லை.

"இன்னா சார் கோச்சிக்கிறீங்க? இன்னா செய்யணும், எத்த செய்யணும், ரெண்டும் நீங்கதான சொன்னீங்க!"

பெட்டி முழுக்க ஒரே குரல்

சனிக்கிழமைக்குள் ஸ்டெல்லாவுக்கு வெர்ப் வந்துவிட்டது, ஆப்ஜெக்டும் வந்துவிட்டது. 'புஷ்டு தி டிராலி' என்று தன் பையைத் தள்ளிக் காட்டுவார். தள்ளியது யார் என்று கேட்டால் மட்டும் குரல் உள்ளே போய்விடும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "டிராலி தானா ஓடிச்சா? பேய் தள்ளிச்சா?" என்று கத்தினேன். "எனுக்கும் ரெண்டு பசங்க சார். என் வேலயும் பூடுச்சுன்னா?" என்றார். என் கோபம் அப்படியே இறங்கிவிட்டது.

அப்போது அந்தப் பெட்டி செய்த காரியத்தை என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை. ஒரு சீட்டுக்கு முட்டிமோதுகிற கூட்டம் ஒதுங்கி, ஸ்டெல்லா கை வீசி நிற்க இடம் விட்டது. சீட்டாடியவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். ஜன்னலோரம் பைபிள் படித்துக்கொண்டிருந்த நர்சம்மா அதிகாரி ஆனார். தாஸ் மேனேஜராகி முறைத்தார். ஸ்டெல்லா திக்கத் திக்க, மொத்தப் பெட்டியும் கூடவே சொன்னது: 'தி மேனேஜர் புஷ்டு தி டிராலி.' பின்னாலேயே டிராலி கதவில் மோதியதும், மகேஸ்வரி சில்லைக் கூட்டியதும் ஒவ்வொரு வாக்கியமாக வந்தன. ஒயிட்ஃபீல்டு வருகிறவரைக்கும் விடவில்லை. கடைசியில் ஸ்டெல்லா தனியாக, தாஸின் கண்ணைப் பார்த்துச் சொன்னபோது அவரே கையைத் தூக்கிவிட்டார்.

"போதும் தாயி, நான்தான் தள்னேன், உட்டுடு!"

திங்கட்கிழமை சாயங்காலம்

திரும்பி வருகிற ரயிலில் ஸ்டெல்லா ஜன்னலில் சாய்ந்து, வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். நடந்ததை மகேஸ்வரிதான் சொன்னாள். மேனேஜர் மொழிபெயர்க்க வாயைத் திறந்ததுமே, ஸ்டெல்லா 'நோ சார்' என்று எழுந்து நின்றாராம். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் ஆங்கிலம். மகேஸ்வரிக்கு அதை வாயால் சொல்லத் தெரியவில்லை, கையால் செய்துகாட்டினாள். தள்ளினாள். மோதினாள். கூட்டினாள். மூன்று வாக்கியமும், வெர்ப், ஆப்ஜெக்டோடு, அப்படியே என் கண்முன் வந்து நின்றன.

அதிகாரி மேனேஜர் பக்கம் திரும்பி ஏதோ ஒன்று கேட்டாராம். மகேஸ்வரிக்கு வேலை போகவில்லை, ஸ்டெல்லாவையும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "அக்கா பேசினது உனக்குப் புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு வார்த்தகூடப் புரியல சார். அந்த மேனேஜரு தல குனிஞ்சாரு பாருங்க, அப்ப எல்லாமே புரிஞ்சிடுச்சி."

இத்தனை வருஷமாக இந்த வெர்ப், ஆப்ஜெக்டை நான் வெறும் இரண்டு மார்க் கேள்வி என்றுதான் நடத்திக்கொண்டிருந்தேன், சாமி!