ரோசம்மாள் கேட்ட போர்ட்டிகோ

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு பில்டிங் காண்ட்ராக்டரிடம் டிரேசராக இருந்தேன். டிராஃப்ட்ஸ்மேன் பென்சிலில் போட்ட பிளான் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து, அதே கோடுகளை மையால் இழுக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. சைட்டுக்கு யாரும் என்னை அனுப்பியதில்லை. டிராஃப்ட்ஸ்மேன் கல்யாண லீவில் போயிருந்தபோதுதான் முதலாளி, "கிரேஸ், மில்லர்புரத்துல ஒரு போர்ட்டிகோ மார்க் பண்ணணும், டேப்பை எடுத்துட்டு வா" என்றார்.

நான் முதன்முதலாகப் பார்த்த சைட் அது. போன அன்றே சண்டை.

லாரி வந்த காலை

வீட்டுக்காரர் மரியான், முத்துக்குளிப்பிலும் பிறகு சங்குக்குளிப்பிலும் மூழ்கிச் சம்பாதித்தவர். கப்பலில் வேலை பார்த்த மகன் அவருக்கும் மனைவி ரோசம்மாளுக்கும் கட்டிக்கொடுத்த வீடு. உள்வேலை முடிந்து, முன்பக்கம் மட்டும் பாக்கி. எதிர்வீட்டில் இருப்பதுபோல ஆர்.சி.சி. சிலாப் போட்ட பெரிய போர்ட்டிகோ வேண்டும் என்பது ரோசம்மாளின் ஆசை.

அஸ்திவாரத்துக்கு வந்த லாரி, கடல்கல்லைக் கொட்டியது. தீவுப் பக்கம் பாறையைப் பெயர்த்துக் கொண்டுவரும் பவளக் கல். அப்போது ஊரில் பாதி வீடு அதன்மேல்தான் நின்றது. அன்றைய லோடு புதிது. மீன் கவிச்சி அடித்தது. ஒரு கல்லின் ஓட்டையிலிருந்து சின்ன நண்டு ஒன்று வெளியே வந்து, வெயிலில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. மரியான் குனிந்து அதை உள்ளங்கையில் எடுத்தார்.

"இந்தக் கல்லு வேண்டாம்யா" என்றார் முதலாளியிடம்.

"அண்ணாச்சி, ஊரே இதைத்தான் போடுது."

"ஊரு போடட்டும். நான் கீழ இறங்கினா இதைச் சுத்தித்தான் மீனு மொய்ச்சிக் கெடக்கும். பேத்துப் பேத்து அங்கன இப்பம் வெறுந்தரை. தெனமும் இதுமேல மிதிச்சி என்னால வீட்டுக்குள்ள போவ முடியாது."

ரோசம்மாள் வாசலுக்கு வந்துவிட்டார். "ஆயுசுக்கும் ஓலைக் குடிசையில ஒழுகுற தண்ணிக்குச் சட்டி வச்சே கெடந்தேன். ஒரு போர்ட்டிகோ கேட்டா உமக்குக் கல்லு மேல பாசம் வருதோ?"

மரியான் நண்டை ஒரு வாளித் தண்ணீரில் விட்டு, வாளியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். ரோசம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் முதலாளியும் டேப்பும் வெளியில் நின்றோம்.

என் முதல் டிராயிங்

"கடல்கல்லு வேண்டாம்னா, கருங்கல்லு கயத்தாறு பக்கம் இருந்துதான் வரணும். அவ்வளவு கல்லு மழைக்கு முன்னால கெடைக்காது. போர்ட்டிகோவைப் பாதியாக் குறைச்சிரு" என்றார் முதலாளி.

பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குறைக்கக் கை வரவில்லை. அந்த அம்மாள் கதவைச் சாத்திய சத்தம் காதிலேயே இருந்தது. இவ்வளவு கல் எதற்கு என்று யோசித்தேன். சிலாப் கனம், அதனால் அடியில் அதைத் தாங்கும் ஃபுட்டிங் பெரிது. கூரையின் கனத்தைக் குறைத்தால்? பனந்தூண், பனஞ்சட்டம், மேலே ஓடு. தூணுக்கு அடியில் மட்டும் கருங்கல். தரைக்குக் கான்கிரீட் வேண்டாம். மணலில் செங்கல் பதித்து, இடுக்கில் சிமெண்ட் பூசாமல் விட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே இறங்கிவிடும். அளவில் ஓரடிகூடக் குறைக்கவில்லை.

முதலாளி பார்த்தார். "என்னம்மா இது, சைக்கிள் ஸ்டாண்டா?" தூணின் தடிமனை மட்டும் திருத்திவிட்டு, "நீயே போய்ச் சொல்லு. அந்தம்மாகிட்டத் திட்டு வாங்க எனக்குத் தெம்பில்ல" என்றார்.

ரோசம்மாள் படத்தைக் கையில் வாங்கவில்லை. "ஓடா? ஒழுகுமே பிள்ள."

"ஒழுகாதும்மா. சாய்மானம் கூட்டியிருக்கேன்."

"ஒழுகிச்சின்னா?"

"என் ஆபீசுக்கே வந்து திட்டுங்க."

அப்போதுதான் சிரித்தார். "அளவு கொறையலல்லா? அப்பம் போடு."

பீச் ரோட்டுப் பக்கம் சரக்கு வைக்கும் ஒரு பழைய கிட்டங்கியை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஓடு அங்கிருந்து வந்தது. மரியான் ஓடுகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டி, விரிசல் சத்தம் கேட்டதை ஒதுக்கி வைத்தார். ரோசம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தார்.

ஐப்பசியில் முதல் பெரிய மழை பிடித்தபோது எனக்கு மை ஓடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு மில்லர்புரத்துக்கு நடந்தேன். பாதி வழியிலேயே குடை மடங்கிவிட்டது.

போர்ட்டிகோவில் இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். செங்கல் தரையில் தண்ணீர் நிற்கவில்லை. நனைந்துபோய் நின்ற நான் முதலில் அண்ணாந்து கூரையைத்தான் பார்த்தேன்.

"ஏளா, ஒழுகல. உள்ள வா" என்று ரோசம்மாள் கத்தினார். தலை துவட்டத் துண்டு கொடுத்தார். "எதிர்வீட்டுக்காரிக்கு மழை பெய்யுறதே தெரியல, கதவைச் சாத்திட்டு இருக்கா. இங்கன கேளு, ஓட்டுல எப்பிடிக் கொட்டுதுன்னு."

மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

சுற்றுச்சூழல் என்ற சொல்லை அப்போது எங்கள் ஆபீசில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. முதலாளியும் அதற்குப் பிறகு கடல்கல் வாங்கத்தான் செய்தார். ஆனால் நான் பிறகு எத்தனையோ வீடுகளுக்குப் பிளான் போட்டேன். பென்சிலைத் தொடுமுன் வீட்டாரிடம் இரண்டு கேள்வி கேட்பேன்: உங்களுக்கு என்ன வேண்டும்? எது இருந்தால் மனசு ஒப்பாது? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் எனக்குப் பெரும்பாலும் பிளான் கிடைத்தது.