சூடு தெரியாத கால்

அன்று அறையில் இருந்தது நான்கு பேர். நான், கடை முதலாளி கபூர் பாய், கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ரிடையர்டு லைன்மேன் தணிகாசலம், அவர் மனைவி கன்னியம்மா. பிறகு இதைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அதனால்தான் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

செங்கம் ரோட்டில் பாயின் மசாஜ் கடை. தொண்ணூறுகளின் கடைசி. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். ஸ்டவ்வை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பேன். வருகிறவர்களிடம் பி.பி. இருக்கா, ஆபரேஷன் ஆச்சா, எண்ணெய் ஒத்துக்குமா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். "ஏழுமலை, நீ இன்னாடா கஸ்டமர இன்டர்வியூ எடுக்கற?" என்று பாய் திட்டுவார்.

தணிகாசலத்துக்குப் பல வருஷச் சர்க்கரை. பேண்டைச் சுருட்டிக் கெண்டைக்காலைக் காட்டினார். கரண்ட் போஸ்ட் ஏறி ஏறி உருண்டு திரண்டிருந்த கால் என்று கன்னியம்மா சொன்னார். நான் பிடித்துப் பார்த்தபோது பிழிந்த துணி மாதிரி இருந்தது.

"நாளன்னிக்கி பௌர்ணமி, தம்பி. நானு வெறுங்கால்லதான் மலைய சுத்துவேன். ஒரு மாசம் வுட்டதில்ல. போன தடவ பாதியிலயே ஒக்காந்துட்டேன். ஒரு வாரமா பழக்கத்துக்குத் தினம் காலைல நடக்கறேன், காலு இழுக்குது. எப்பிடியாவது தெம்பு ஏத்திக் குடு."

கடை வழக்கப்படி, தேய்ப்பதற்கு முன் உப்புப் போட்ட வெந்நீர் டப்பில் காலை வைக்கச் சொல்வோம். சூடு போதுமா என்று கஸ்டமரைக் கேட்போம். அவர் சொல்வதுதான் அளவு.

"சூடு போதுமாங்க ஐயா?"

"இன்னா தம்பி, பச்சத் தண்ணியில வெச்சிருக்க? ஊத்து."

ஒரு சொம்பு ஊற்றினேன். இன்னும் என்றார். மறுபடி ஊற்றினேன். ஆவி வந்தது.

"ஜாஸ்தியா இருக்கப் போவுதுங்க."

"நானூத்தி நாப்பது வோல்ட்டுகிட்ட வேல பாத்தவன்யா. உன் சுடுதண்ணி இன்னா பண்ணும்?"

பாய் சிரித்தார். நான் மூன்றாவது சொம்பு ஊற்றினேன். எதற்கெல்லாமோ பயந்த நான் என் விரலை விட்டுப் பார்க்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னியம்மா சும்மா விரலை விட்டுப் பார்த்தார். "அய்யய்யோ! கொதிக்குதே! கால எடுய்யா!" என்று அலறினார்.

காலைத் தூக்கி மடியில் வைத்தேன். புறங்கால் செக்கச்செவேல் என்றிருந்தது. அவர் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. பாதத்தைத் திருப்பினேன். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கருவேல முள். ஒடிந்து, தோலுக்குள் முழுசாகப் போயிருந்தது. சுற்றிலும் கறுத்து, அழுத்தினால் சீழ் வந்தது.

அவர் குனிந்து, யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தார். "இது எப்ப ஏறுச்சு?" என்று என்னைக் கேட்டார்.

அந்த முள்ளோடு எத்தனை நாள் நடந்தாரோ. அத்தனை பெரிய மனுஷனின் உடம்பு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறது.

பாய் என்னை வாசலுக்கு இழுத்தார். "தொடச்சி அனுப்புடா. வெளிய தெரிஞ்சா கடை பேரு கெட்டுடும்."

"வேணாம் பாய். நானே கூட்டிட்டுப் போறேன்."

வாழ்க்கையில் நான் முதலாளியை எதிர்த்துப் பேசியது அன்றுதான். இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனேன். தணிகாசலம் கன்னியம்மாவிடம் பௌர்ணமியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

டாக்டர் முள்ளை எடுத்தார். சீழை வழித்தார். "இதோட கிரிவலம் போயிருந்தா காலையே எடுக்கற மாதிரி ஆயிருக்கும்" என்றார். பிறகு, "யாருய்யா வெந்நீர் ஊத்தினது?"

"நான்தான் சார். அவரைக் கேட்டுத்தான் ஊத்தினேன்."

"அவருக்குத்தான் சர்க்கரையில கால்ல உணர்ச்சியே இல்லையே, அவரக் கேட்டா? உன் முழங்கைய வுட்டுப் பாரு. முதல்ல பாதத்தத் திருப்பிப் பாரு. அப்பறம் எண்ணெயத் தொடு."

அந்தப் பௌர்ணமி தணிகாசலம் போகவில்லை. அடுத்ததும் போகவில்லை. சுட்ட இடம் கொப்பளித்து ஆறியது. முள் குத்திய புண் ஆற ரெண்டு மாசம் ஆனது. டாக்டர் சரி என்ற பிறகு, பஸ் ஏறி என்னிடமே வந்தார். "சுட்டவன்தான் தேய்க்கணும்" என்றார்.

வெந்நீர் கிடையாது. லைட் பிரஷர், கணுக்காலிலிருந்து மேல்நோக்கி. தேய்த்து முடித்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். இது டாக்டர் சொன்ன எக்சர்சைஸ். வாராவாரம் அளவு பார்க்க ஒரு நூலைக் கெண்டைக்காலில் சுற்றி முடிச்சுப் போட்டேன். பல வாரம் முடிச்சு நகரவில்லை. நானும் தூங்கவில்லை. ஒருநாள் அவர் குதிகாலைத் தூக்கியபோது, என் கட்டைவிரலுக்கு அடியில் சதை கெட்டியாகி எழுந்து வந்தது. கையை எடுக்க மனசு வரவில்லை. மாத்திரை, சாப்பாடு, பயிற்சி எல்லாம் சேர்ந்து செய்தது அது. என் கைக்கு அதில் கொஞ்சம் பங்கு. ஆனால் திரும்பி வந்ததை முதலில் தொட்டது நான்தான்.

அவர் மறுபடி சுற்றிய பௌர்ணமிக்கு என்னையும் கூப்பிட்டார். காலையில் கிளம்பினோம். அவர் காலில் சாக்ஸ், கேன்வாஸ் ஷூ. வழியில் அடி அண்ணாமலையில் டீக்கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"இன்னா பெருசு, மலைய சுத்த ஷூவா?"

"மலை ஒண்ணும் கேக்கல. நீ டீயப் போடு, சக்கர இல்லாம."

பெஞ்சில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினார். சாக்ஸை உருவி, ஜனங்கள் போகிற வழியில் கூச்சப்படாமல் பாதத்தைத் தூக்கி என் முழங்கால்மேல் வைத்தார்.

"நல்லா பாரு தம்பி. எனக்குத் தெரியாது."

விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்லீங்க ஐயா."

"அப்ப நடப்போம்" என்றார்.